மேலப்பாளையத்து வியாழக்கிழமைக் கூட்டம்

அக். 14, செவ்வாய்

விடாத தூறல். சவரம் செய்கையில் இரண்டு இடத்தில் வெட்டு. பள்ளியிலிருந்து இரண்டாவது மெமோ. ஒரு மாதம் விடுப்பு. குடியை நிறுத்த எங்காவது சேர வேண்டும், இல்லையேல் வேலை இல்லை. கீழே தலைமையாசிரியர் கையெழுத்து, வளைத்து வளைத்து. இருபது வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு இந்த மரியாதை. நாசமாய்ப் போகட்டும்.

எஸ்தர் மகளை அழைத்துக்கொண்டு சேரன்மகாதேவிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய் ஒன்பது நாள். இன்று போன். "ஏதாவது கூட்டத்துல போய்ச் சேருங்க, நான் வாரேன். இல்லேன்னா இங்கனயே இருந்துக்கிடுதேன்." பின்னால் மைத்துனன் குரல்: "அந்தாளுகிட்ட என்ன பேச்சு?" ஆளாளுக்கு எனக்கு நிபந்தனை.

காலை ஒன்று. மதியம் இரண்டு. சாப்பாடு: ஒரு பன்.

அக். 15, புதன்

மருந்துக்கடைப் பெண்ணிடம் காதோடு காதாகக் கேட்டேன். அவள் ஊருக்கே கேட்கும்படி: "குடிய நிறுத்துத கூட்டமா சார்? இங்கன பாளையங்கோட்டையில ஒண்ணு, சர்ச் பக்கத்துல. இன்னொண்ணு மேலப்பாளையத்துல, தையல்கடை மாடி. வியாழக்கிழம ஆறு மணி."

பின்னால் பத்தாம் வகுப்பு பி பிரிவுப் பையனின் அம்மா. அவள் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பாவம் பார்த்தாள்.

மேலப்பாளையம்தான். எங்கள் சபைக்காரன் எவனும் அங்கே வர மாட்டான். வேறு சிறப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

அக். 16, வியாழன்

டவுன் பஸ், நெரிசல். மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்பது ஆண்கள். பாகு மாதிரி ஒரு டீ. துபாயிலிருந்து திரும்பிய காதர் பாய் எழுந்து, மகள் நிக்காஹ் அன்று போதையில் விழுந்து கிடந்ததைச் சொல்லி அழுதார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழுவதற்கு வீடு இல்லையா?

அப்புறம் கூட்டத்தை நடத்துகிறவன் வந்தான். இசக்கிமுத்து. எங்கள் பள்ளியில் பியூனாக இருந்தவன்.

"வாங்க சார்," என்றான், நேற்றுப் பார்த்தவன் போல. "அங்கன காத்து வராது. இங்கன உக்காருங்க."

எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப்போகிறார்கள். ஏழு வருடத்துக்கு முன், இன்ஸ்பெக்‌ஷன் நாள். ஆசிரியர் அறையில் பிராந்தி வாடை. ஆளுக்கு ஆள் மூக்கைச் சுளித்தார்கள். முதலில் வாயைத் திறந்தவன் நான்: "இசக்கிதான், வேற யாரு?" புகாரையும் நானே எழுதினேன். அவன் குடிப்பான் என்பது ஊரறிந்த விஷயம், உடனே நம்பினார்கள். ஒரு வாரத்தில் அவன் வேலை போனது.

அன்று வாடை என்னுடையது.

இவனிடமா நான் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும்? எழுந்து பேச என் முறை வந்ததும் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். முடியும் முன்பே இறங்கி வந்துவிட்டேன்.

அக். 19, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. மூன்று நாளாகக் குடி, கணக்கில்லை. எஸ்தர் போன்.

"போனீங்களா?"

"போனேன்."

"என்ன பேசுனீங்க?"

"ஒண்ணும் பேசல."

"சும்மா பாத்துட்டு வாரதுக்கு அது என்ன சினிமாவா?" வைத்துவிட்டாள்.

போனைச் சுவரில் எறிந்தேன். உடையவில்லை. அதற்கும் கோபம்.

அக். 23, வியாழன்

காலையிலிருந்து குடிக்கவில்லை. நல்ல எண்ணத்தால் அல்ல. இசக்கி முன்னால் வாடையோடு நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

சண்டை போடத்தான் போனேன். 'எனக்கு உபதேசம் பண்ண நீ யாருலே' என்று கேட்பதாகத் திட்டம். எழுந்து நின்றதும் வாயில் வேறு வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் நாளைச் சொன்னேன். வாடை என்னுடையது என்றேன். புகாரும் நான்தான் என்றேன்.

கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும்.

இசக்கி என்னைப் பார்க்காமல் பேசினான். "அன்னைக்கி நான் குடிக்கலங்கது எனக்குத் தெரியாதா சார்? யாரோட வாடைன்னுதான் இம்புட்டு நாளும் தெரியல." எழுந்து படியிறங்கிப் போனான். காதர் பாய் கூட்டத்தை நடத்தினார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

கால் மணி கழித்து வந்தான். முகம் கழுவியிருந்தான்.

"அதுக்குப் பெறகுதான் நான் ராப்பகலா குடிச்சேன். எம் பொண்டாட்டி அதப் பாத்துக்கிட்டேதான் செத்தா. மன்னிப்பு கின்னிப்புன்னு கேட்டுராதீங்க, என்னால முடியாது. வெளிய போங்கன்னும் சொல்ல மாட்டேன். இங்கன யாரையும் அப்படிச் சொல்லுததில்ல. அடுத்த வியாழக்கிழம வாங்க. எம் பக்கத்துல மட்டும் உக்காராதீங்க."

கும்பிடக் கை எழுந்தது. இறக்கிக்கொண்டேன்.

அக். 24, வெள்ளி

வெயில். ராத்திரி முழுக்க வேர்வை. குடிக்கவில்லை.

எஸ்தரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள்: "இத என்கிட்ட சொல்லி என்ன செய்ய? ஸ்கூல்ல எழுதிக் குடுங்க. நான் வாரேனா இல்லையாங்கதப் பெறகு பாப்போம்."

அவள் மீதும் ஆத்திரம். சொன்னது சரி என்பதால் இன்னும் ஆத்திரம்.

அரைப் பக்கம் எழுதி, பதினொரு மணிக்குத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். இசக்கிமுத்து மீதான புகார் பொய், அன்று குடித்திருந்தவன் நான் என்று. இரண்டு முறை படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"கையெழுத்துப் போடாமத்தான இருக்கு. கிழிச்சுப் போட்டுட்டுப் போவும். இதக் குடுத்தா உம்ம வேல நிக்காது, தெரியும்லா வே?"

"தெரியும்."

மேசை மேலிருந்த அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.