தட்டுப்படவில்லை

மவுண்ட் ரோஸ்கில்,
ஒக்லண்ட்.
20.09.1987

அன்புள்ள தங்கை இராசமலருக்கு,

உன்னுடைய மூன்று கடிதங்களும் கிடைத்தன. மூன்றுக்கும் சேர்த்து இதுதான் பதில். சிக்காகோவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதித்தான் வழக்கமாகத் தொடங்குவேன். இம்முறை அந்த வரியை எழுதவில்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். பாதியில் எழும்பிப் போய் போன் எடுக்காதே. முழுவதையும் வாசி.

முதலில் நீ கேட்ட விஷயம். பகலில் வார்டில் வேலை, மாலையில் பல்கலைக்கழகம் என்று மூன்று வருடம் படித்து, ஃபமிலி நேர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாமா என்று போன வருடமே கேட்டிருந்தாய். நோயாளியைத் தானே சோதித்து, இன்ன நோய் என்று தீர்மானித்து, மருந்தும் எழுதிக் கொடுக்கும் தாதி. டொக்டர்மாரின் சம்பளத்தை மிச்சம் பிடிக்க அமெரிக்கர்கள் கண்டுபிடித்த வேலை அது என்று அப்போது எழுதினேன். உனக்குக் கோபம் வந்ததும் தெரியும். அதில் பாதி உண்மை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் இந்த மாசியில் நானும் ஒரு படிப்பில் சேர்ந்தேன் என்பதை உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்தேன். இந்த நாட்டில் நீ சொல்லும் பதவியே கிடையாது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு மேல் டிப்ளோமா வைத்திருக்கிறார்கள். கிழமையில் ஒரு நாள் வேலையிலிருந்து விடுவார்கள். மதராசில் பட்டம் எடுத்தவளுக்கு இனி என்ன டிப்ளோமா என்றுதான் போனேன். வகுப்பில் வயது கூடியவள் நான்தான். நெஞ்சைத் தட்டிப் பார்ப்பது, வயிற்றை அழுத்திப் பார்ப்பது, குழல் வைத்து இருதயத்தைக் கேட்பது எல்லாவற்றையும் தாதிகளே செய்யப் படிப்பித்தார்கள்.

வைகாசியில் ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் ஒருவரைத் தலை முதல் கால் வரை சோதித்து, நாலு பக்கப் படிவம் நிரப்பிக் கொண்டுபோக வேண்டும். உன் அத்தான்தான் நோயாளி. பென்ரோஸில் ஸ்டோரில் வேலை முடிந்து வந்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் கார்ப்பெட்டில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். அவரை உனக்குத் தெரியும்தானே. "இஞ்சேரும் டொக்டரம்மா, கை ஐஸ் மாதிரிக் கிடக்கு, நோயில்லாதவனுக்கும் நோய் வந்திடும்" என்று பகிடி பண்ணிக்கொண்டே படுத்திருந்தார். அப்பாவைப் பார்த்துக் கௌரி சோபாவில் இருந்து சிரித்தாள்.

வலப்பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்து, மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னேன். இழுத்தார். என் விரலில் ஒரு விளிம்பு வந்து முட்டியது. கட்டியான விளிம்பு, முட்டக் கூடாத இடத்தில். திரும்ப இழுக்கச் சொன்னேன். திரும்பவும் முட்டியது.

என் கை நின்றுவிட்டது. "என்னப்பா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். படிவத்தில் கல்லீரல் என்ற இடத்துக்கு நேரே, தட்டுப்படவில்லை என்று எழுதினேன்.

இராசு, இதை உன்னால்தான் விளங்கிக்கொள்ள முடியும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நாங்கள் படித்த காலத்தில் ஒருவர் எங்கள் கண் முன்னால் செத்துக் கிடந்தாலும், இறந்துவிட்டார் என்று தாதி எழுதக் கூடாது. மூச்சு நின்றதாகத் தோன்றுகிறது என்றுதான் எழுதலாம். சொல்வது டொக்டரின் வேலை. முப்பது வருடம் அப்படி எழுதிப் பழகிவிட்டேன். அன்றைக்கு விரலில் முட்டியதை, எனக்கு அழுத்தத் தெரியவில்லை, விலா எலும்பைத்தான் தொட்டிருப்பேன் என்று நானே தள்ளிவிட்டேன். அடுத்த நாள் வகுப்பில் படிப்பிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெள்ளைக்காரப் பெட்டைகளுக்கு முன்னால், ஐம்பதை நெருங்கும் பட்டதாரி பிழையாக ஒன்றைச் சொல்லி அவமானப்படுவதா என்று இருந்துவிட்டேன். அந்தப் படிவத்துக்கு நல்ல புள்ளி தந்தார்கள்.

ஆனியிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காற்சட்டை தளர்ந்தது. டொக்டரிடம் போவோம் என்று நான் சொன்னபோதெல்லாம், "நீர்தானே முழுக்கச் சோதிச்சுப் பாத்து ஒண்டுமில்லை எண்டனீர், பிறகென்ன?" என்று சிரித்தார். நான் அதற்கு மேலே வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் ஏன் என்று சொல்ல வேண்டி வரும். ஆவணியில் கண் மஞ்சளான பிறகுதான் போனோம். குடலில் தொடங்கிய புற்று ஈரலுக்கு ஏறிவிட்டதாம். வெட்ட முடியாது என்கிறார்கள்.

வைகாசியில் கண்டுபிடித்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இராது என்று டொக்டர் சொன்னார். அன்பான மனிதர். நானும் இந்த வசனத்தை எத்தனை வீட்டு வாசலில் நின்று சொல்லியிருப்பேன். அதனால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

போன கிழமை கௌரி சமையலறையில் வந்து நின்று, அம்மா, நீங்கள் அப்பாவைச் செக் பண்ணினீங்கள்தானே, உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையா என்று இங்கிலிஷில் கேட்டாள். குற்றம் சாட்டவில்லை, பதினைந்து வயதுப் பிள்ளை, தெரியாமல்தான் கேட்டாள். அடுப்பைக் குறைத்தேன். அறைக்குள்ளிருந்து அவர் குரல் கொடுத்தார். "அப்ப அது இருக்கேல்லை பிள்ளை. இருந்திருந்தா அம்மான்ர கை விட்டிருக்குமே? இது பிறகு வந்தது." பார்க்க வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறார். பக்கத்து வீட்டு உஷா, ஃபிஜிக்காரி, ரொட்டியும் கறியும் கொண்டு வருவாள். அவளிடமும், மனிசி எல்லாம் ஒழுங்காகப் பார்த்தவ என்று சொல்லி முடித்துத்தான் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்ப்பார். பிய்த்ததைச் சாப்பிடுவதில்லை.

நான் அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைக்கிறேன். என் கையை நம்பினார் என்பதில் அவருக்கு ஏதோ ஒரு நிம்மதி இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டு என்னத்தைக் கொடுப்பது? இப்படி எழுதுவதுகூட எனக்கு வசதியான நியாயமோ என்னவோ. நீ அவருக்கு எழுதும்போது இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே. ஊரில் அத்தானின் சகோதரி அன்னபாக்கியம் மச்சாளுக்கும், அவருக்குச் சுகமில்லை, வருத்தம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன், என்ன வருத்தம் என்று எழுதவில்லை.

படிப்பை விடப் போவதாக அவரிடம் சொன்னேன். கல்லூரியிலும் அடுத்த வருடம் தொடரலாம் என்றார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "விசர்க் கதை கதையாதையும். கார்த்திகையில சோதினையெல்லோ? இப்பதான் தொட்டுப் பாக்க உள்ளுக்கு ஒரு சாமான் கிடக்கு. வந்து பாரும்" என்று வயிறு தெரியச் சேட்டைத் தூக்கிவிட்டுக் கிடந்தார். நேற்றுப் பகல் இது. வேறு வழியில்லாமல் கையைச் சூடாக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தேன். மூச்சை இழுக்கச் சொன்னேன். இழுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறீர் என்று கேட்டார். வாசித்துக் காட்டச் சொன்னார். உள்ளதை உள்ளபடி வாசித்தேன். "ஓம், சரி" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

நீ அந்தப் படிப்பில் சேர். நான் முன்பு எழுதியதைக் கிழித்துப் போடு. சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் அது வந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் உன் விரல் சொல்வதை உன் பெயரில் எழுதக் கற்றுத் தருவார்கள் என்றால், மூன்று வருடம் பெரிதில்லை.

நீ தாதி என்பதால் கூட்டிக் குறைக்காமல் எழுதுகிறேன். வைகாசியில் ஈரல் விலாவுக்குக் கீழே ஒரு விரல் அகலம் இறங்கியிருந்திருக்கும். நேற்று ஐந்து விரல். வயிற்றில் நீரும் கட்டத் தொடங்கியிருக்கிறது.

பொங்கலுக்கு லீவெடுத்துக்கொண்டு வருவதாக எழுதியிருந்தாய். பொங்கலுக்கு வேண்டாம். ஐப்பசிக்குள் வரப் பார். வந்தால் அத்தானோடு வழக்கம்போலச் சண்டை பிடி.

கடவுள் உன்னையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும்.

உன் அக்கா,
வசந்தமலர்