மாமாவுக்குக் காற்று

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்றே நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். போனில் பேசாமல் இவன் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். இந்த ஆஸ்பத்திரியில் மாமாவின் கட்டிலுக்கும் என் நாற்காலிக்கும் நடுவே ஒரு முழம் இடம்கூட இல்லை. முணுமுணுத்தாலும் அவர் காதில் விழும். வராந்தாவுக்குப் போய்ப் பேசலாம் என்றால் இந்த நாற்காலியை விட்டு எழ எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். உன் முதலாளியம்மா போனைத் திருப்பித் தரும்போது அவசரப்படாமல் முழுவதும் படி.

நீ அனுப்பிய ஆக்சிஜன் மெஷின் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். "அவ அங்க அடுத்தவ வீட்டுல பாத்திரம் தேய்ச்சு அனுப்பியிருக்கா, இவன் அதைக் காவல் காக்குறான்" என்று அம்மா வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

உன் வீட்டுக்காரருக்கு நெஞ்சுச் சளி என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய். தோட்டத்தில் மாமா அடிக்கும் களைக்கொல்லி உடம்பில் ஏறியிருக்கிறது. முதுகில் மாட்டும் டேங்க் ரொம்ப நாளாக ஒழுகுகிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, "ஒழுகாத டேங்க் வேணும்னா மாமியார் வீட்டுல இருந்து சீரா கொண்டு வா" என்றானாம் சூப்பர்வைசர். கையுறையும் பூட்ஸும் அங்கே உண்டு. யாராவது மேலதிகாரி வந்தால்தான் அலமாரியைத் திறப்பார்கள். மருந்து காலில் வழியாமல் இருக்க, துண்டை நாலாக மடித்து டேங்குக்கும் முதுகுக்கும் நடுவில் செருகிக்கொள்வது தெளிக்கிறவர்களின் வழக்கம். மாமாவும் அதைத்தான் செய்தார். வார் உரசி அவர் முதுகுத் தோல் ஏற்கெனவே வழன்று கிடந்தது. துண்டு மருந்தைக் குடித்துக் குடித்து அந்தப் புண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. "வெயிலுக்கு ஜில்லுன்னு இருக்குடா" என்று சிரித்தாராம். நீ அனுப்பியதில் எந்தத் துண்டு என்று மட்டும் கேட்காதே. எரித்துவிட்டேன்.

இனி சொல்வதை நிதானமாகப் படி. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். நம் எல்லார் உடம்பிலும் ஃப்ரீ ராடிக்கல் என்று ஒன்று உண்டாகிக்கொண்டே இருக்குமாம். ஜோடியை இழந்த துகள். பக்கத்தில் இருப்பதிடமிருந்து பிடுங்கித் தன் குறையை நிரப்பிக்கொள்ளும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். கொஞ்சமாக இருந்தால் உடம்பே அடக்கிவிடும். இந்தக் களைக்கொல்லி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டு அதை ஓயாமல் உண்டாக்குகிறது. "அதுக்குத் தீனியே ஆக்சிஜன்தான். நீங்க மூச்சுக்குன்னு குடுக்குறதை அது தின்னுட்டு இன்னும் எரிக்கும்" என்றார். பழச்சாறு கொடுத்தால் அடங்குமாமே என்று பிறகு அம்மா போய்க் கேட்டதற்கு, "பத்தி எரியற வீட்டுக்கு ஒரு சொம்புத் தண்ணி. ஆசைக்குக் குடுங்கம்மா" என்றார்.

வேறு வழியே இல்லாத கட்டம் வந்தால் அவர்களே ஆக்சிஜனைத் திறந்துவிடுவார்களாம். அது குணமாக்க இல்லை, கஷ்டம் தெரியாமல் இருக்க. அதையும் என்னிடம்தான் சொன்னார். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமாவின் தலைமாட்டில், சுவரில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறது. கை நீட்டினால் திருகு. நான் மருந்து வாங்கப் போன நேரத்தில் அம்மா அதைத் திறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. அம்மா ஜெயித்துவிட்டவள்போல என்னைப் பார்த்தாள். மூடினேன். அவர் மறுபடி மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்துக்கொண்டே மூடினேன், அக்கா. அதிலிருந்து நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை. அம்மாவைவிட என் கைக்குத்தான் இப்போது அதிகம் பயப்படுகிறேன். "மாப்ள, கொஞ்சூண்டு தொறந்து விடேன். காத்தையும் உன் அப்பன் வீட்டுல இருந்தா கொண்டு வந்த?" என்று மாமா கேலி செய்கிறார். கேலி செய்து முடிக்க அவருக்கு மூச்சு போதவில்லை.

நேற்று சூப்பர்வைசர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். "குடிக்காம எப்படிப்பா உள்ள போகும்? வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று கேட்டான். களைக்கொல்லியை அவரே குடித்தார் என்று முடித்துவிடப் பார்க்கிறார்கள். மாமாவைத் திருப்பி முதுகைக் காட்டினேன். டேங்க் அளவுக்கு வெந்து கிடக்கிறது. பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த டேங்கை இன்றைக்கு வேறு ஒருவர் முதுகில் மாட்டியிருக்கிறார்கள்.

இதுவரை காலையில் எழுதியது. நடுவில் டாக்டரம்மா வந்தார். மாமாவின் விரலில் மாட்டியிருக்கும் கருவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவரே திருகைத் திறந்துவிட்டார்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, இப்பவாவது குடுத்தாங்களே" என்று எல்லாக் கட்டிலுக்கும் போய்ச் சொல்கிறாள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். மாமாவுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக இருக்கிறது. உன் பெயரைச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இனி நான் நாற்காலியை விட்டு எழலாம். எழ முடியவில்லை.

அக்கா, மெஷினைப் பற்றி இனிமேல் கேட்காதே. உன் முதலாளியம்மாவிடம் அழுதோ சண்டை போட்டோ உன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள். துணிமணி எடுக்க நிற்காதே. வருகிற வழியெல்லாம் உனக்குத் தடையில்லாமல் இருக்கட்டும். நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று மாமா காதில் இப்போதே சொல்லிவிடப் போகிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உன் வழி பார்த்து உட்கார்ந்திருக்கும்,
தம்பி