மஞ்சள் வைத்த பழைய சட்டைகள்

மச்சான்,

இந்த மடலில் வரும் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று விழுப்புரம் ஜில்லா முழுவதன் சார்பிலும் உறுதி கூறி ஆரம்பிக்கிறேன்.

இன்று போகி. காலையில் கதவைத் திறந்ததும் பாலியெஸ்டர் எரிகிற நாற்றம். தெருமுனையில் நல்ல சட்டைகளைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். உடனே உன் ஞாபகம்.

உன் அக்காவைக் கட்டிய நாளிலிருந்தே உன்மேல் எனக்கு ஒரு கண். ஊரே பழசை எரிக்கிற அன்றைக்கு, நீ மட்டும் கோணிப்பையோடு எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறுவாய். “எரிக்காதீங்க, குடுங்க. கிழிசலா இருந்தாலும் பரவால்ல.” கிழிசலை ஒருவன் சும்மாவா கேட்பான்?

ஒரு வருஷம் உன்னைப் பின்தொடர்ந்தேன். மங்கிக் குல்லா, கறுப்புக் கண்ணாடி. அந்த வேஷத்தில் என்னை வாசலில் பார்த்த உன் அக்காவே, யாரோ பிச்சைக்காரர் என்று பழைய சோறு கொண்டுவந்தாள். திண்டிவனம் பஸ்ஸில் உனக்கு மூன்று சீட் பின்னால் உட்கார்ந்தேன்.

அங்கே நீ வாடகைக்கு எடுத்திருந்த அறையை ஜன்னல் வழியாக வேவு பார்த்தேன். தேறாத துணிகளை வெட்டி, மெக்கானிக் கடைக்குக் கை துடைக்க என்று மூட்டை கட்டினாய். தேறியவற்றுக்குப் பித்தான் தைத்தாய், மிஷினில் ஒட்டுப் போட்டாய். அதுவரை சரி. பிறகு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, ஒவ்வொரு சட்டையின் காலர் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்தாய்.

புதுத்துணிக்கு வைக்கிற மஞ்சள். எனக்குப் புரிந்துபோயிற்று. பழசைப் புதுசு என்று விற்கிறான்.

உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டால் துப்பறிகிறவனுக்கு என்ன மரியாதை? அடுத்த பஸ்ஸில் திரும்பி, டீக்கடையில் சொன்னேன். “என் மச்சான் புதுச்சேரியில ஏசி போட்ட ஷோரூமே வெச்சிருக்கான்.” டீ ஆறுவதற்குள் அந்த ஷோரூமுக்கு மாடி கட்டி லிஃப்டும் வைத்துவிட்டார்கள்.

அடுத்த போகிக்கு உன் கோணியில் ஒரு கைக்குட்டைகூட விழவில்லை. உன்னைப் பார்க்க வைத்தே துணிகளை நெருப்பில் போட்டார்கள்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஓமந்தூர்ப் பக்கமிருந்து மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலிக்காரம்மா ஒருவர் வந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று அவரையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன். உன் அக்காவிடம் சொன்னார்: “பழசு குடுக்கறவங்க தூக்கிப் போடுவாங்கம்மா, புள்ளைங்க கூசிக்கினு நிக்கும். உன் தம்பி, பழசுதான்னு சொல்லித்தான் குடுக்கும். ஆனா மஞ்சா வெச்சி, கையில குடுக்கும்.”

இன்று அந்த நெருப்புக்கு முன்னால் நின்று, ஷோரூம் என் கைச்சரக்கு, நீ மஞ்சள் வைத்துக் கையில் கொடுத்ததுதான் நிஜம் என்று தெருவுக்கே சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். “இன்னா சார், செத்தவரை நல்லவராக்கறீங்களா? உங்க கதைய நாங்க கேட்டதில்லையா?” லிஃப்டை நம்பியவர்கள் மஞ்சளை நம்பவில்லை. அவர் மனைவி மட்டும் எரியப்போன புடவை ஒன்றை இழுத்து, “இத எங்க எடுத்துக்கினு போவீங்க?” என்று என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே கொடுத்தார்.

மச்சான், குல்லாவையும் பழைய சோற்றையும் நீ தள்ளுபடி செய்துகொள். நான் இன்னும் சுமக்கிற ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அந்தப் போகியன்று காலிக் கோணியை மடித்துக்கொண்டு என் வாசலில் நின்று கேட்டாய்: “மாமா, எம்மேல யாரனா எதனா சொன்னாங்களா?”

“எனக்கு இன்னா தெரியும் மச்சான்” என்றேன்.

நீ நம்பினாய்.