பதினான்காவது பட்டை

பிரிஸ்டல்
9 பிப்ரவரி 2024

அம்மா,

நேற்று, பிப்ரவரி 8, வியாழக்கிழமை, இரவு 7.50. உன் பெல்லி டான்ஸ் வகுப்பு. பதினான்கு பெண்கள், இடுப்பில் காசு கோத்த பதினான்கு பட்டைகள். பாட்டு நின்றதும் பதின்மூன்று இடுப்புகள் அடங்கின. ஒரு பட்டை மட்டும் சிணுங்கிக்கொண்டே இருந்தது. உன்னுடையது.

உன்னைக் கூட்டிப்போக வந்தவன் வாசலில் நின்று பார்த்தேன். இடுப்பில் ஊன்றியிருந்த உன் வலது கை நடுங்கியது. இடது கையால் அதைப் பிடித்து அமுக்கினாய். காரில் கேட்டேன். பேச்சை மாற்றி, கோட்டைப் பக்கம் வண்டி நிறுத்த இடமே கிடைப்பதில்லை என்றாய்.

நிறுத்திய பம்பில் எது இன்னும் அதிர்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என்னிடம் இது நடக்காது. எத்தனை நாளாக இப்படி? டாக்டரிடம் போனாயா? ஒரு வரி போதும். போனில் நான் குறுக்கே பேசுகிறேன் என்று சொல்லி, எழுதச் சொன்னவள் நீ. எழுதிவிட்டேன். பதில் போடு.

ரோரி


லட்லோ
13 பிப்ரவரி

என் அன்பு ரோரிக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அன்றைக்கு உன் முகம் வாடியிருந்தது. இன்று தவக்காலத்துக்கு முந்தின பான்கேக் செவ்வாய். நாலு சுட்டேன். புரட்டும்போது ஒன்று அடுப்புக்குப் பின்னால் போய்விட்டது, மிச்சத்தை எலுமிச்சம்பழம் பிழிந்து நானே தின்றேன்.

மார்ச் 2, சனிக்கிழமை எங்கள் ஆட்டம். பாதி ஊர் வருகிறது. அந்த மாடி மன்றத்துத் தரையின் சரிவு உனக்குத் தெரியுமே. நடுவில் ஆரம்பித்தால் முடிக்கும்போது அத்தனை பேரும் ஆற்றுப் பக்க ஜன்னலோரம் வந்து நிற்கிறோம். பிப்பா டீச்சர் கத்துகிறாள், "பொண்ணுங்களா, மேட்டைப் பாத்து ஆடுங்க! ஆத்துல போய் விழப்போறீங்களா?"

நீ வாசலில் நின்றதைப் பார்த்து, என் பக்கத்தில் ஆடும் மாவிஸ் கேட்டாள், "யாருடி அது, மீட்டர் பாக்க வந்தவனா?"

"என் பையன்டி."

"அப்ப சரி. இடுப்பெல்லாம் எண்ணி எழுதிக்கிட்டுப் போகட்டும்."

சிரித்துச் சிரித்து எனக்குத் தாளம் தப்பிவிட்டது. நீல உடுப்பு தைத்தாயிற்று. கொக்கிகளை மட்டும் மாவிஸ் தைத்தாள். இந்த வயதில் வயிற்றைக் காட்டுவதா என்று கேட்காதே, காட்டத்தான் போகிறேன்.

கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். குளிர்தான், வேறொன்றுமில்லை.

முத்தங்களுடன்,
அம்மா


பிரிஸ்டல்
16 பிப்ரவரி

அம்மா,

குளிர் என்றால் இரண்டு கையும் நடுங்க வேண்டும். உன் பதில் செல்லாது.

உன் டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்தேன். "உங்க அம்மா விஷயம் உங்க அம்மாகிட்டத்தான் கேக்கணும் சார்" என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள். பிறகு பிப்பா டீச்சரைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். உன்னை ஓரமாக நிறுத்தி, பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னேன். சனிக்கிழமை ஆட்டத்தில் சேர்க்காவிட்டால் இன்னும் நல்லது என்றேன். "இத்தனை நாளா பக்கத்துலயே இருந்து கவனிக்காம விட்டுட்டேனே தம்பி" என்று அழுதேவிட்டாள்.

அந்தத் தரையில் நீ விழுந்தால் தூக்க நான் பக்கத்தில் இல்லை. இரண்டு மணி நேரத் தொலைவில் உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை. கோபப்படுவாய், படு.

ரோரி


லட்லோ
23 பிப்ரவரி

ரோரி,

நேற்று வகுப்புக்குப் போனேன். ஓரத்தில் நாற்காலி கிடந்தது. அதில் மெத்தை வேறு. பாட்டு நின்றபோதெல்லாம் பதின்மூன்று பேரும் என் கையைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காததுபோல் கூரையைப் பார்த்தார்கள். மாவிஸ் என்னை ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. "தண்ணி வேணுமா கண்ணு?" என்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.

அக்டோபரிலேயே டாக்டரைப் பார்த்துவிட்டேன். பார்க்கின்சன் என்கிற நரம்பு நோய். மாத்திரை சாப்பிடுகிறேன். உன்னிடம் சொல்லவில்லை. ஒரு தரம் முழங்கால் பிசகியதற்கு என் குளியலறையில் ஏழு கைப்பிடி அடித்தவன் நீ. இதற்கு எதையெல்லாம் அடிப்பாயோ என்று பயந்தேன்.

இந்த நடுக்கம் கை சும்மா இருக்கும்போதுதான் வருகிறது. ஆடும்போது போய்விடுகிறது. வியாழக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் என் கை எனக்கே திரும்பக் கிடைத்தது. பாட்டு நின்றபின், இடுப்பில் கை வைத்து, எட்டு எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அந்த எட்டு எண்ணிக்கைதான் எனக்குக் கண்டம். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதை மட்டும் பழகிவந்தேன். பட்டையின் சத்தம் உன் ஒருவன் காதில்தான் விழுந்தது. உன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆடுவேனா, தெரியவில்லை. ஆடினாலும் நீ பார்க்க வராதே. உன் கண் என் கையை விட்டு நகராது.

அம்மா


பிரிஸ்டல்
26 பிப்ரவரி

அம்மா,

அந்த நாற்காலி நான் போட்டது. நான்தான் எடுக்க வேண்டும்.

உன் கடிதத்தில் எழுத்து போகப் போகச் சிறுத்திருக்கிறது. அதுவும் இந்த நோயால்தானாம், அதையும் கவனித்துவிட்டேன். கவனிக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. பயம் வந்தால் எனக்கு எதையாவது பிடித்து முறுக்கியாக வேண்டும். இந்த முறை உன் வியாழக்கிழமையை முறுக்கி உடைத்துவிட்டேன். மன்னித்துவிடு.

இனிச் செய்யப்போவது:

1. இன்றே பிப்பா டீச்சரைக் கூப்பிட்டு நாற்காலியை எடுக்கச் சொல்வேன். உன்னைப் பழைய இடத்தில், மாவிஸுக்குப் பக்கத்தில் விடச் சொல்வேன். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டேன்.

2. மாவிஸிடம், உன்னைப் பழையபடி கிண்டல் செய்யச் சொல்வேன். தொடங்கி வைக்க என்னையே கிண்டல் செய்யட்டும்.

3. நீ கேட்காமல் உன் வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்.

4. சனிக்கிழமை லட்லோவுக்கு வருவேன். மன்றத்துக்குள் வர மாட்டேன், மாடிப்படியில் நிற்பேன். அங்கிருந்து எதுவும் தெரியாது. பாட்டு மட்டும் கேட்கும்.

5. பாட்டு நின்ற நொடியில் கைதட்டத் தொடங்குவேன். பலமாக, எந்தப் பட்டையும் காதில் விழாதபடி. மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். எட்டு எண்ணி முடிக்கும்வரை நிறுத்த மாட்டேன்.

ரோரி