கோபாலபுரம் தாண்டியும் பாசிதான்

ஏனுங்க,

பக்கத்துத் தோட்டத்தில் இன்று போர்வெல் லாரி வந்து நிற்கிறது. காலையிலிருந்து பூமியைக் குடைகிறார்கள். சத்தம்கூட எனக்குப் பெரிதில்லை. சாம்பல் நிறத்தில் கல்மாவு பறந்து வந்து நம் வாசலில் படிகிறதே, அதில் தண்ணீர் பட்டதும் ஒரு வாசம் எழுகிறது. ஒரு காலத்தில் உங்கள் சட்டையில் வந்த வாசம். மழைக்கு முன்னால் வரும் மண்வாசம் இல்லை அது. அதைவிடக் குளிர்ந்தது, அதைவிடப் பழையது. கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பேத்தி, "சொல்லுங்க அப்பத்தா, நான் எழுதித் தர்றேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் நான். என் புருஷனுக்கு எழுதுகிற காகிதத்தை இன்னொருத்தர் கையில் கொடுக்க மாட்டேன். அவள் காலேஜில் கல்லையும் மண்ணையும் பற்றித்தான் படிக்கிறாள். நம் வம்சத்தில் அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் மாட்டுவண்டியில் வைக்கோல்மேல் படுத்துக்கொண்டு அதைப் படித்தவள் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் மழை பொய்த்த வருஷம் அது. நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே நம் பக்கத்துக்கு வாய்க்கால் தண்ணீர் வந்து சேராமல், நெல் கதிர் விடாமலே காய்ந்தது. தோட்டத்து மூலையில் கிணறு வெட்டத் தொடங்கினீர்கள். மண்ணும் சுக்கான்கல்லும் கடப்பாரைக்கு வந்தன. அதற்கு அடியில் கிடந்த பாறை வரவில்லை. வெடி வைத்தீர்கள். ஒவ்வொரு வெடிக்கும் நம் மயிலு என் இடுப்பை இறுக்கிக்கொள்வாள். நடை பழகி, அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த குழந்தை. அந்த மாதமே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நீங்கள் வண்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே என் மடியில் அடங்கிவிட்டாள்.

உங்கள் அம்மாதான் அந்தச் சொல்லை முதலில் சொன்னார். "தூங்கீட்டிருந்த கல்ல ஒடச்சா அதுக்குள்ள இருக்கறது சும்மா இருக்குமா? கொழந்தையக் கொண்டுபோயிருச்சு." நான் நம்பினேன். நம்புவதற்கு எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் குழியை மூடாமல் இந்த வீட்டு வாசப்படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கோபாலபுரத்துக்கு அப்பால், பொள்ளாச்சிப் பக்கம் இருந்த என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். மூடினால் தண்ணீரில்லாமல் நிலம் போகும். மூடாவிட்டால் நான் வரமாட்டேன். நீங்கள் வெட்டுவதையும் நிறுத்திவிட்டு, மூடவும் மனசில்லாமல் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

நான் இல்லாத அந்த நாட்களில்தான் பாறைகளைப் பார்த்து எழுதும் சர்வேக்காரர்கள் ஜீப்பில் வந்து நம் தென்னந்தோப்பில் கூடாரம் போட்டார்கள். அவர்களில் பெரியவரான சர்வே சார் நம் பாதிக் கிணற்றுக்குள் இறங்கி, கோயிலுக்குள் போனவர்போல் வெகுநேரம் வெளியே வரவில்லை என்று பின்னால் சொன்னீர்கள். அவருக்கு வழிகாட்டப் போனது நீங்கள். தினமும் சாயங்காலம் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதற்காகவும்தான் என்னைக் கூட்டிப்போக வந்தீர்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

வண்டியோடு வந்து வாசலில் நின்றீர்கள். "ஏனுங் மாப்பள, மூடிப்போட்டு வந்தீங்களா, கூட்டீட்டுப் போயி மூடறீங்களா?" என்று கேட்டார் என் அண்ணன். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஒருக்கா எறங்கிப் பாரு. பாத்துப்போட்டு மூடுன்னு நீ சொன்னீன்னா, அன்னிக்கே மூடிப்போடறேன்."

கிளம்பினேன். புளியமரங்கள் முடிந்ததும், மாடுகளிடம் சொல்வதுபோல் என்னைத் திரும்பிப் பார்க்காமலே ஆரம்பித்தீர்கள்.

"உங்கம்மா ஊட்டு வாசல்ல பூமி பொறந்துதுன்னு வெச்சுக்க. நம்மூட்டு வாசப்படி இன்னிக்கு. நடுவால இருக்கற இந்தத் தடந்தான் அதும்பட வயசு. நானூத்தம்பது கோடி வருசமாமா."

கோடியைப் பள்ளிக்கூடத்துப் பலகையில் எழுதியிருக்கிறேன். அதற்குள் வண்டி ஓட்டிக்கொண்டு போகலாம் என்று எனக்குத் தெரியாது. முதலில் நெருப்புக் குழம்பு என்றீர்கள். ஆறி, மழை பெய்து, கடல் நின்றது என்றீர்கள். ஒரு குட்டையைக் கடக்கும்போது சாட்டையால் சுட்டிக்காட்டி, "இந்த எடத்துல பாசி வந்துச்சு" என்றீர்கள். நம் குட்டையில் இருக்கிற பாசியைவிடச் சின்னதாம். கண்ணில்லை, வாயில்லை, எலும்பில்லை.

வெயில் இதமாக இருந்தது. எத்தனையோ நாட்களாகத் தூக்கத்தைக் காணாதவள் நான். சக்கரம் அரைக்கிற சத்தத்தில் வைக்கோலில் சாய்ந்தேன். கண் விழித்தபோது பனைமரங்கள் போய்க்கொண்டிருந்தன.

"இப்ப என்னங்க?"

"பாசிதான்."

மறுபடியும் கண் செருகியது. காட்டையும் மேட்டையும் மூடிக்கொண்டு கடல் கிடப்பதுபோல் இருந்தது. அலை அடிக்கிறது, அதைக் கேட்க ஒரு காது இல்லை. வெயில் விழுகிறது, நிழலுக்கு ஒதுங்க ஒரு ஜீவன் இல்லை. யாரும் பிறக்கவில்லை, யாரும் அழவில்லை. அந்தத் தண்ணீர்மேல் நம் வண்டி மட்டும் மெல்லப் போகிறது. பயமாக இல்லை. அவ்வளவு பெரிய அமைதிக்குள் என் துக்கத்தை இறக்கி வைக்க இடம் இருந்தது.

"இன்னுமா பாசி?"

"இன்னும் பாசிதான் புள்ள. அதுக்கென்ன அவசரம்."

கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்கிற காலம். காவலுக்கு இருந்தவர் வைக்கோலுக்குள் கம்பை விட்டுக் குத்திப் பார்த்து, "அரி உண்டோ?" என்று மலையாளத்தில் கேட்டார். "அரி இல்லீங்க சார், என்ர சம்சாரம் மட்டுந்தான். அதும் அவளா மனசு வெச்சு வந்தது" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டுத் தடிமரத்தைத் தூக்கினார். எனக்கும் உதட்டோரம் இழுத்தது. நீங்கள் பார்த்துவிடக்கூடாது என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த இடத்தில்தான் காற்று மாறத் தொடங்கியது என்றீர்கள். அதற்கு முன்னால் நாம் இழுக்கிற இந்தக் காற்றே பூமியில் கிடையாதாம். பாசிதான் வெயிலைத் தின்று தின்று இதை வெளியே விட்டதாம். நம் கிணற்றுப் பாறை வெந்து இறுகியதும் ஏறக்குறைய அந்தக் காலமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம் சர்வே சார். உறுதியில்லாததை உறுதியில்லை என்று சொன்னதால்தான் மற்றதை நான் நம்பினேன்.

செக்போஸ்ட் தாண்டியும் பாசிதான். நம் ஊர் அரசமரம் கண்ணில் படும்போதுதான் மீன் வந்தது. பிறகு எல்லாம் ஒரே நெரிசல். மரங்கள், தவளைகள், யானையைவிடப் பெரிய ஓணான்கள். அந்த ஓணான்கள் களத்துமேட்டுப் பக்கம் வந்து, நாம் களத்தைத் தாண்டுவதற்குள் போயும் விட்டன. வண்டி நின்றதும் நீங்கள் வாசப்படியைக் காட்டினீர்கள். "மனுசன் வந்தது இந்தப் படி ஏறற ஒரே எட்டுலதான்."

நான் ஏறவில்லை. வண்டியிலிருந்து இறங்கி நேராகக் கிணற்றுக்கு நடந்தேன்.

அத்தை ஓடிவந்து குறுக்கே நின்றார். வெட்டுகிற கிணற்றுக்குள் பொம்பளை இறங்குவதாவது என்றார். அதற்கு நீங்கள், "ஆத்தா, அந்தக் கல்லு உண்டானப்ப சாகறதுக்கு ஆளே இல்ல. ஆளு சாகாம பேயி எங்கிருந்து வரும்?" என்றீர்கள்.

"ஒண்ணுமே இல்லியா?"

"பாசி இருந்துச்சு."

"அப்ப அது செத்திருக்குமல்ல?"

"பாசி செத்துப் பேயாவுமா ஆத்தா?"

"ஆவாதுன்னு உங்க சாரு எழுதிக் குடுத்தாரா?"

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் வெட்டியிருந்த படிகளில் இறங்கினேன். நீங்கள் எனக்குக் கீழே, என் பாதத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்தபடி இறங்கினீர்கள். செம்மண் முடிந்தது, வெள்ளைச் சுக்கான் முடிந்தது, கையால் உதிர்கிற கல் முடிந்தது. அதற்கடியில் அந்தப் பாறை. கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடி, துவைத்துப் பிழிந்த சேலைபோல் முறுக்கிக்கொண்டு கிடந்தது. நான் கோபமாகப் பார்க்கத்தான் வந்தேன். அதன் முகத்தில் கோபப்பட ஒன்றும் இல்லை. நம்மைத் தெரியாத கல் அது. நம் குழந்தையைத் தெரியாத கல்.

ஓரத்தில் ஒரு கீறலில் தண்ணீர் கசிந்திருந்தது. அந்த ஈரத்தில் பச்சையாய் ஒரு திட்டு. விரலால் தொட்டேன், வழுக்கியது.

"ஒடச்சு கொஞ்ச நாளுதானே ஆச்சு. இது எப்படிங்க வந்துச்சு?"

"ஈரமும் வெளிச்சமும் பட்டா வந்துருமாமா." நீங்களும் அந்தத் திட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள், "எலும்பில்லாத உசுரு பெரும்பாலும் கல்லுல அச்சு விடாதாமா. இருந்ததே தெரியாதாமா. ஆனா நாம இழுக்கற மூச்சு அதுக விட்டுட்டுப் போனது."

"மயிலுக்கு ஒரு போட்டோகூட எடுக்கலீங்களே" என்றேன்.

நீங்கள் அந்தப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டீர்கள். அவள் போன நாளிலிருந்து நீங்கள் அழுது நான் பார்க்கவில்லை. "எடுக்கல. மயிலு, உங்கப்பனுக்குத் தோணலையே சாமி" என்றீர்கள். கிணற்றுக்குள் அந்தப் பெயர் சுற்றிச் சுற்றி வந்து மேலே போனது. இத்தனை நாளும் நான் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்ததாக நினைத்ததை நீங்களும் தூக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "வெட்டுங்க" என்றேன்.

மேலே வந்து வாசப்படி ஏறினேன்.

தண்ணீர் வந்தது. பீறிட்டுக்கொண்டெல்லாம் வரவில்லை, கசிந்து கசிந்து வந்து நிறைந்தது. அத்தை போகிறவரை அதைக் குடித்துக்கொண்டே அதைத் திட்டினார். பிறகு மகன் பிறந்தான், மகள் பிறந்தாள். மயிலு பெயரை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பிள்ளைகள் மனசில் பயம் விழுந்துவிடக்கூடாது என்று இருந்தோம். அப்படியே பழகிவிட்டது.

போன தையில் உங்கள் காரியத்தின்போது, சடங்கு செய்தவர் எத்தனை மக்கள் என்று கேட்டார். மகன் ரெண்டு என்றான். நான் உள்ளேயிருந்து, "மூணு. மூத்தவ மயிலு" என்றேன். வந்திருந்த அத்தனை சொந்தமும் உறம்பரையும் திரும்பிப் பார்த்தது.

எல்லோரும் போன பிறகு அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மீசை நரைத்த பிள்ளை. "அம்மா, அக்கா எப்படி இருப்பா?" என்று கேட்டான். அக்கா என்றான். இத்தனை வருஷத்தில் அவளை அப்படிக் கூப்பிட ஒரு வாய் வந்தது அன்றைக்குத்தான். சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். வெடிச் சத்தத்துக்கு இடுப்பைப் பிடித்ததையும் சொன்னேன், அதற்கு முன்னால் கோழிகளைத் துரத்திக்கொண்டு ஓடியதையும் சொன்னேன். நீங்கள் போன வீட்டில், அவன் சொன்ன அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் நன்றாகவே இருக்கிறேன்.

நேற்று பேத்தி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், தனக்கு ரெண்டு அத்தைங்க என்று.