கொன்றையைக் கேட்டது நான்தான்

பாவா,

உங்கள் பொடி டப்பி நாலு மாதம் முன்னால் பரண்மேல் அகப்பட்டது. திறந்தேன். மூக்குப்பொடி வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே பொடி இல்லை. ஒரு கைப்பிடி கொன்றை விதை. மேசைமேல் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டதை இனியாவது சொல்லிவிட வேண்டும்.

அந்த விதைகள் அரக்கோணத்து பங்களா மரத்தினுடையவை. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வரை சாலையோரம் மரம் வைக்கப் பஞ்சாயத்து போர்டு தீர்மானித்தது. நான் போர்டு குமாஸ்தா. நீங்கள் ஸ்டேஷன் தோட்டக்காரர், என் அக்காவின் புருஷன். மரத்தைப் பற்றி ஊரில் உங்களைவிட்டால் வேறு யாரைக் கேட்பது?

நீங்கள் மகிழமரம் என்றீர்கள். நான் செம்மயிற்கொன்றை என்றேன். சித்திரையில் சாமி பார்க்க வருகிறவர்கள் ரயிலைவிட்டு இறங்கியதும் சாலை முழுக்கச் சிவப்பாகப் பூத்திருக்க வேண்டும். யார் வைத்தது என்று ஊர் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

“வாணாம்டா. அது பார்க்கத்தான் அழகு. இங்க ரெண்டு முழம் தோண்டினா பாறை. வேரு மேலயே ஓடிக்கினு கிடக்கும். பெரிய காத்து வந்தா சாஞ்சிரும். சனங்க நிக்கிற எடத்துக்கு ஆவாது. மகிழம் மெதுவாத்தான் வரும், ஆனா பாறைச் சந்துல பூந்து புடிச்சிக்கும்.”

“பிரசிடெண்ட் முடிவு பண்ணிட்டாருங்க பாவா. கொன்னைதான் வேணுமாம்.”

அது பொய். பிரசிடெண்ட் என்னிடம் சொன்னது, “உங்க பாவாவும் நீயும் பார்த்து எது நல்லதோ அதை வையுங்க” என்பது மட்டும்தான்.

நீங்கள், “வெக்கிறதே வெக்கிறோம், நல்ல மரத்துப் புள்ளையா வெப்போம்” என்று விதைக்கு மரம் தேடக் கிளம்பிவிட்டீர்கள். ஒரே ஜாதியில் ஒன்று வெளிறிய ஆரஞ்சாகவும் ஒன்று ரத்தச் சிவப்பாகவும் பூக்கும் என்பது உங்களோடு அலைந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நிறத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நிற்பேன். நீங்கள் குனிந்து கிளை பிரியும் இடத்தைத் தடவிப் பார்ப்பீர்கள். கவடு பிளந்த மரமாக இருந்தால், பூ எத்தனை அழகானாலும் நகர்ந்துவிடுவீர்கள். கடைசியில் அந்த பங்களா மரம் உங்களுக்குப் பிடித்தது. காய் முற்றும்வரை காத்திருந்து விதை எடுத்தீர்கள். வெந்நீரில் ஊறவைத்து முளைக்க வைத்தீர்கள். வேண்டாம் என்று நீங்களே சொன்ன மரத்துக்கு இவ்வளவு பாடு.

ஐந்தாவது வருஷம் சாலை சிவந்தது. ஊர் என்னைப் பாராட்டியது. நீங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு, மழைக்கு முன்னால் மேல்பாரத்தை வெட்டிக் குறைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த வருஷமே கார்த்திகையில் புயல். பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு நெசவுக்காரக் குடும்பம் மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து நீங்கள் ஓடினீர்கள். “வெளிய வாங்க! நனைஞ்சா ஒண்ணும் ஆவாது, வாங்க!” தமிழில் கத்தினீர்கள், தெலுங்கில் கத்தினீர்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு கிழவி மட்டும் நூல் மூட்டையை எடுக்கத் திரும்பினாள். அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டீர்கள். மரம் வேரோடு உங்கள்மேல் சாய்ந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்கள். அக்கா பிரசிடெண்டைச் சபித்துக்கொண்டேயிருந்தாள். அவள் தண்ணீர் எடுக்க வெளியே போன நேரத்தில் என் கையைப் பிடித்தீர்கள்.

“அவரை ஒண்ணும் பேச வாணாம்னு உங்க அக்காகிட்ட சொல்லு. மரத்தைப் பத்தி அவருக்கு இன்னா தெரியும், பாவம்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “ஆங், சொல்றேன் பாவா” என்றேன்.

காரியம் முடிந்ததும் பிரசிடெண்ட் வீட்டுக்கு வந்தார். வயதான மனிதர். வாசலிலேயே நின்று, “நான் சொன்னதா ஞாபகம் இல்லம்மா. சொல்லியிருந்தா என்னை மன்னிச்சிரு” என்றார். அக்கா கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு உள்ளே நான் நின்றிருந்தேன். அதன்பிறகு அவர் அந்தச் சாலையில் நடக்கவேயில்லை. ஸ்டேஷனுக்குப் போவதென்றாலும் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். போர்டு ஆபீஸ் ஜன்னலிலிருந்து மூன்று வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று கொஞ்சம் எழுந்தால் போதும், “வெளிய வாங்க” என்ற உங்கள் குரல் கேட்கும். எத்தனையோ முறை பேனாவைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறேன்.

டப்பி கிடைத்த அன்று மத்தியானமே அக்காவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை.

“அவருக்குத் தெரியுமா?”

“பாவாவுக்கா? தெரியாது.”

“சாவறப்போகூட சொல்லலியா நீ?”

அவள் எழுந்தாள். “வா. மொதல்ல அந்தப் பெரியவர்கிட்ட போவலாம்.”

நான் சொல்லி முடித்ததும் பிரசிடெண்ட், “அப்போ நான் சொல்லலியா? நெஜமா சொல்லலியா?” என்று திரும்பத் திரும்ப அக்காவைத்தான் கேட்டார். அக்கா அவர் காலில் விழுந்தாள். என்னை அவர் பார்க்கவேயில்லை.

மீதிக் கொன்றைகளையும் எடுத்துவிட்டு மகிழங்கன்றுகள் வைக்க எழுதிக் கேட்டேன். போர்டு ஒத்துக்கொண்டது. நட்டாகிவிட்டது, இன்னும் முழங்கால் உயரம்கூட இல்லை. நடுகிற அன்று அக்கா சொன்னாள்: “நடு. நானும் தண்ணி ஊத்தறேன். எங்கூட மட்டும் பேசாத.” சோறு போடுகிறாள். முகம் பார்ப்பதில்லை. சாலையின் அந்தப் பக்கம் அவள் ஊற்றுகிறாள், இந்தப் பக்கம் நான்.

நேற்று மாலை அவள் இரண்டு குடம் கொண்டு வந்தாள். ஒன்றைத் தன் பக்கத்துக் கன்றுகளுக்கு ஊற்றினாள். மற்றதைச் சாலையைக் கடந்து வந்து என் அருகில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். எனக்கென்றுதான் வைத்தாளா, தூக்க முடியாமல் வைத்தாளா, தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடைசிக் கன்றுவரை நடந்தேன் பாவா.