அந்த ஆராய்ச்சியில் உங்கப்பா இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். அடுத்த வரியில் உங்கப்பாவும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன், கை வரவில்லை. போனில் பேசாமல் இது என்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். இருக்கிற மூன்று அறையில் நான் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும், பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். மெசேஜ் அனுப்பலாம் என்றால் நீ எனக்கு அனுப்புவதையெல்லாம் எனக்கு முன்னால் படிப்பதே அவர்தான், அது உனக்குத் தெரியாது. தையல் கடையிலிருந்து கூப்பிடலாம் என்றால் பட்டனுக்குக் காஜா எடுக்கிற அக்கா கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு என் வாயையே பார்ப்பாள். அதனால் இன்றைக்கு அவள் சாப்பிடப் போன நேரத்தில், துணி வெட்டுகிற மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு மேஜைதான் காரணம், அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உங்கப்பாவுக்கு நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று நான் சொன்ன அன்றைக்கு நீ ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா. இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறவர்களில், உடனே ஸ்டென்ட், ஆபரேஷன் என்று போனவர்களும் மாத்திரையோடு நின்றவர்களும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தார்கள் என்று அதில் வந்திருப்பதாகச் சொன்னாய். அப்பாகிட்ட காட்டும்மா, மாத்திரையே போதும், பயப்பட வேண்டாம் என்று கூடவே ஒரு வரி எழுதியிருந்தாய். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாய், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காகிதம் இங்கே என்ன பாடு படுகிறது என்று உனக்குத் தெரியவேண்டும். மறுநாளே பிரின்ட் கடைக்குப் போய் முதல் பக்கத்தை எடுத்து, அதை லேமினேட் வேறு செய்து கொண்டுவந்துவிட்டார். எங்கள் கல்யாணப் போட்டோவுக்குக்கூட அவர் கண்ணாடி போட்டதில்லை. மருந்துக் கடைக்காரரிடம் காட்டியாயிற்று, முடி வெட்டுகிறவரிடம் காட்டியாயிற்று, பழைய லிஃப்ட் கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்களைத் தேடிப்போய்க் காட்டியாயிற்று. அதில் ஒரு வரி அவருக்கும் புரியாது, காட்டப்படுகிறவருக்கும் புரியாது. என் பொண்ணு இந்த ஆராய்ச்சிக் கணக்கெல்லாம் பாக்கற இடத்துலதான் இருக்கா என்று சொல்லும்போது மட்டும் குரல் ஒரு பிடி ஏறும். முடி வெட்டுகிறவர் இது சர்க்கரை வியாதிக்கும் கேக்குமாங்க என்று கேட்டாராம், பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நானும் சிரித்தேன், நானும் பெருமைப்பட்டேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் ஆஞ்சியோ எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அது பொய். அப்படிச் சொல்லச் சொல்லிவிட்டு உங்கப்பா நான் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உண்மையில், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் கிளை பிரிவதற்கு முன்னாலேயே, வாய்ப் பக்கத்திலேயே பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது. டாக்டர் உன் வயசுப் பெண்தான். பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார். உடனே உங்கப்பா பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். எனக்குத் தரைக்குள் போய்விடலாமா என்று இருந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, எரிந்து விழவும் இல்லை. வெளியே அத்தனை பேர் காத்திருக்க, அதை நிதானமாகப் படித்தார். இது நல்ல ஆராய்ச்சிதான், இதை நம்பி நானே எத்தனையோ பேருக்கு வெறும் மாத்திரை கொடுத்து அனுப்பறேன் என்றார். ஆனால் அதில் ஆட்களைச் சேர்க்கும்போதே, இந்தப் பெரிய குழாயில் அடைப்பு இருக்கிறவர்களை விலக்கிவிட்டார்களாம், அவர்களுக்கு ஆபரேஷன் வேண்டும் என்பது முன்னாலேயே தெரிந்த விஷயமாம், அதனால் மாத்திரை போதும் என்ற முடிவு மற்றவர்களுக்குத்தானாம். உள்பக்கத்தில் எங்கேயோ அது போட்டிருக்கிறதாம், இவர் கையில் இருப்பதோ முதல் பக்கம். கடைசியில் அந்தப் பெண், இந்த ஆராய்ச்சியில உங்கள மாதிரி ஒருத்தர்கூட இல்லைங்க ஐயா என்று சொன்னார். என் பொண்ணு தெரியாம அனுப்ப மாட்டா என்றார் இவர். உங்க பொண்ணு இந்த ஆஞ்சியோவப் பாத்தாங்களா என்று டாக்டர் கேட்டார். இவர் அட்டையை எடுத்துச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இந்த மாசக் கடைசிவரை ஆபரேஷனுக்கு இடம் வைத்திருக்கிறேன் என்று அந்தப் பெண் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறுகிறேன் என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னார். இரண்டாவது மாடியில் கரன்ட் மீட்டர் பெட்டி இருக்கிறது இல்லையா, அங்கே நின்று ரீடிங் பார்க்கிறார். ஆறு வீட்டு மீட்டரையும் பார்க்கிறார். கையை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோக மாட்டார், பெட்டியின்மேல் ஊன்றிக்கொள்வார். நானும் ஒன்றும் தெரியாத மாதிரி சாவியைத் தேடிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைத்துக் கொடுத்தவர், நம் கட்டடத்தில் அது நின்றுபோய்க் கிடக்கிறது, முன்பெல்லாம் தானே திறந்து சரிபண்ணுவார், இப்போது அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை. மேலே வந்தால் நாற்காலி, பேப்பர், பழைய படம் ஓடுகிற டிவி. நான் ஏதாவது கேட்டால் ம் என்பார். உன் அறையில் தையல் மெஷினைப் போட்டேன், வீட்டில் இருக்கும்போது அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன், மெஷின் ஓடினால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது. எனக்குத் தனியாக இருக்கிறது பாப்பா. அவர் அடுத்த அறையில் இருக்கும்போதே இப்படி இருக்கிறதே, அவர் இல்லாமல் போனால் என்ன செய்வேன் என்று நினைக்கும்போது கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. டீயை டக்கென்று அவர் முன்னால் வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். படம் பிடித்துப் பார்த்த டாக்டரை நம்ப மாட்டீர்கள், கடல் தாண்டி இருந்துகொண்டு ஒரு காகிதத்தைத் தள்ளிவிட்டவளை நம்புவீர்களா என்று கேட்டேன். உன்னை அப்படிச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே, பயத்தில் வந்தது. கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், டாக்டர் சொன்னது எனக்கும் புரிஞ்சுது, நான் ஒண்ணும் முட்டாள் இல்ல, ஆனா அவ போய் இத்தன வருஷத்துல எனக்குன்னு அனுப்பினது இது ஒண்ணுதான், இதையும் நான் கேக்கலைன்னா இனிமே எதுக்கு அனுப்புவா என்று. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

என்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்துவிட்டேன், என் பேச்சு எடுபடவில்லை, டாக்டர் பேச்சும் எடுபடவில்லை. நீதான் பேச வேண்டும். இன்னொரு கட்டுரை அனுப்பிவிடாதே, அதையும் லேமினேட் செய்துவிடுவார். தப்பாக அனுப்பிவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்க வேண்டாம், அது அவருக்குத் தாங்காது. உனக்கு எங்கே வலிக்குதுப்பா, படி ஏறினா எப்படி இருக்கு என்று கேள். அந்த ஆராய்ச்சியில் சேர்ந்த ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் அப்படிக் கேட்டிருப்பார்கள். இவரை நீ கேட்கவில்லை. கேட்டால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஆபரேஷன் பண்ணிக்கோங்கப்பா, நான் வரேன் என்று சொல். வர முடியாவிட்டால் வருகிறேன் என்று சொல்லாதே, பண்ணிக்கோங்க என்று மட்டும் சொல், அதுவே போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், உங்கள் இரண்டு பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, நோய் நொடி இல்லாமல் நிறைய நாள் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. காலையில் நான் கடைக்குப் போனபிறகு, போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன், அப்போது கூப்பிடு. எடுத்ததும், இரு, அம்மாகிட்ட குடுக்கறேன் என்றுதான் சொல்வார், இத்தனை வருஷமாக உன்னிடம் அவர் பேசிய பேச்சு அது ஒன்றுதான். சொல்லிவிட்டு, பழக்கத்தில் என்னைத் தேடி வீடு முழுக்க நடப்பார். நான் அங்கே இருக்க மாட்டேன். அவர் திரும்பி வந்து போனைக் காதில் வைக்கும்வரை வைத்துவிடாதே, கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா